கடைசிப் பேருந்து நிற்கும் பள்ளியிலிருந்து தொடங்குங்கள்: கல்வி நிறுவன ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டுச் செலவைக் கட்டுக்குள் வைக்க முழுமையான வழிகாட்டி

ஒகேனக்கல்லில் வேலை பார்க்கும் ஓர் ஆசிரியைக்கு நள்ளிரவில் நெஞ்சு வலித்தால், முதலில் மலைப்பாதை ஏறிப் பென்னாகரம் போய்ச் சேர வேண்டும். அங்கிருந்து தருமபுரி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும் அந்த ஊர், அருவியிலிருந்து ஏறக்குறைய 46 கிலோமீட்டர். அதற்கும் மேல் சிகிச்சை வேண்டுமென்றால் சேலம் அல்லது பெங்களூரு. அவர் பையில் ஒரு காப்பீட்டு அட்டை இருக்கும். இந்த வழி நெடுக எந்த மருத்துவமனை அதை ஏற்றுக்கொள்ளும் என்பது அவருக்கும் தெரியாது, அதற்குப் பணம் கட்டும் நிர்வாகத்துக்கும் பெரும்பாலும் தெரியாது.

நிர்வாகத்துக்குத் தெரிவது ஒன்றுதான்: பிரீமியம் இந்த ஆண்டும் ஏறிவிட்டது. உடனே யாராவது ஒருவரிடம் கோப்பைக் கொடுத்து, “இதை எப்படியாவது குறையுங்கள்” என்று சொல்லிவிடுவார்கள். நாலைந்து ஊர்களில் பள்ளி, கல்லூரி, விடுதி நடத்தும் அறக்கட்டளையின் நிர்வாக அலுவலராகவோ, தாளாளரின் உதவியாளராகவோ, கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவராகவோ அந்தக் கோப்பு உங்கள் மேசைக்கு வந்திருந்தால், இந்த வழிகாட்டி உங்களுக்காக எழுதப்பட்டது. காப்பீடு பற்றி எதுவும் தெரியாது என்ற இடத்திலிருந்தே தொடங்குவோம்.

தொடங்கும் முன் ஒரு தெளிவு

செலவைக் குறைப்பது வேறு, செலவை ஊழியர் தலையில் தள்ளுவது வேறு. பெற்றோரைப் பாலிசியிலிருந்து எடுத்துவிட்டால் பிரீமியம் இறங்கும். ஒவ்வொரு பில்லிலும் 20 சதவீதம் ஊழியரே கட்ட வேண்டும் என்று எழுதிவிட்டாலும் இறங்கும். ஆனால் அந்த ஆசிரியரின் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிவது நிற்காது. நகையை அடகு வைத்து அந்தச் செலவை அவர் சமாளிப்பார், அல்லது உங்களிடமே சம்பள முன்பணம் கேட்டு வருவார். இன்னும் மோசமான வழியும் உண்டு: வலியைப் பொறுத்துக்கொண்டு சிகிச்சையைத் தள்ளிப்போட்டு, இரண்டு ஆண்டு கழித்து மூன்று மடங்கு பெரிய பில்லோடு வருவார். உண்மையிலேயே செலவைக் குறைக்கும் வழிகள் நான்குதான். சட்டம் தரும் உரிமைகளை முழுக்கப் பயன்படுத்துவது, இரட்டைக் காப்பீட்டை நீக்குவது, மருத்துவமனை விலையை முன்கூட்டியே பேசுவது, நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த நான்கையும் சுற்றியே வருகின்றன.

படி 1: சம்பளப் பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள்

காப்பீட்டு முகவரை அழைக்கும் முன் சம்பளப் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்கள் ஒரு பக்கம், அதற்கு மேல் வாங்குகிறவர்கள் மறுபக்கம், ஒப்பந்தக்காரர் மூலம் வரும் துப்புரவுப் பணியாளர், காவலாளி, வேன் ஓட்டுநர், விடுதிச் சமையலர் தனியாக.

முதல் குழு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் வருகிறது. தனியார் கல்வி நிறுவனங்களை இ.எஸ்.ஐ. சட்டத்துக்குள் கொண்டுவரும் அரசாணையைத் தமிழ்நாடு அரசு 2010-ல் வெளியிட்டது. அதை எதிர்த்த வழக்குகள் பல ஆண்டுகள் நடந்தன. 2020-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அரசாணை செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே இது நிர்வாகத்தின் விருப்பத்தைப் பொறுத்த விஷயம் அல்ல.

2019 ஜூலை முதல் நிர்வாகத்தின் பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம், ஊழியர் பங்கு 0.75 சதவீதம். 18,000 ரூபாய் வாங்கும் ஆசிரியைக்கு நிர்வாகம் மாதம் 585 ரூபாய் கட்டும், அவர் 135 ரூபாய் கட்டுவார். இந்தத் தொகைக்குக் கிடைப்பது என்ன என்பதைப் பல நிர்வாகிகள் படித்தே பார்ப்பதில்லை. வெளிநோயாளி சிகிச்சையும் மருந்தும் உண்டு. சார்ந்து வாழும் பெற்றோருக்கும் சிகிச்சை உண்டு. பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்துக்கு ஈடான தொகை உண்டு. நோய்வாய்ப்பட்டு விடுப்பில் இருக்கும் நாட்களுக்கு, ஆண்டில் 91 நாள் வரை, ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும். எந்தத் தனியார் குழு பாலிசியும் இந்த விலைக்கு இவ்வளவு தருவதில்லை.

குறை எங்கே என்றால் தூரத்தில்தான். சேலத்திலும் ஓசூரிலும் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் இருக்கின்றன. பென்னாகரம் பக்கத்து ஊழியருக்கு இரண்டுமே தொலைவு. அருகிலுள்ள மருந்தகம் எது, இ.எஸ்.ஐ.யோடு ஒப்பந்தம் உள்ள தனியார் மருத்துவமனை எது என்பதைக் கிளை அலுவலகத்தில் கேட்டு, ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பள்ளியின் ஆசிரியர் அறையிலும் ஒட்டுங்கள். ஒரு ரூபாய் செலவில்லாத இந்த வேலையைச் செய்யாததால்தான் ஊழியர்கள் இ.எஸ்.ஐ. சந்தா கட்டிக்கொண்டே கடன் வாங்கித் தனியார் மருத்துவமனைக்குப் பணம் கொடுக்கிறார்கள்.

இரண்டாவது குழுவுக்குத்தான் தனியாகக் குழு மருத்துவக் காப்பீடு வேண்டும். இவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் கணவரோ மனைவியோ அரசு ஊழியரா? கணவர் அரசுப் பள்ளியிலும் மனைவி தனியார் பள்ளியிலும் வேலை பார்க்கும் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். அரசு ஊழியரின் குடும்பத்துக்கு ஏற்கெனவே அரசின் புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அதே பிள்ளைகளுக்கு நீங்களும் முழு பிரீமியம் கட்டுகிறீர்கள். அவர்கள் விரும்பினால் குடும்பப் பாலிசிக்குப் பதில் தனிநபர் பாலிசியாக மாற்றி, மிச்சமாகும் தொகையில் ஒரு பகுதியை அவர்கள் பெற்றோரின் காப்பீட்டுக்குக் கொடுக்கலாம். கட்டாயப்படுத்தாதீர்கள்.

மூன்றாவது குழுவைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஒப்பந்தக்காரர் இ.எஸ்.ஐ. பிடித்தும் கட்டாமல் விட்டால், முதன்மை நிறுவனம் என்ற முறையில் பொறுப்பு உங்கள் மேல்தான் விழும். ஒப்பந்தக்காரரின் பில்லைத் தீர்க்கும் முன் இ.எஸ்.ஐ. கட்டிய சலானைக் கேட்டு வாங்குங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பமானால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் 5 லட்சம் வரை உரிமை உண்டு. வருமானச் சான்றிதழ் வாங்க அரை நாள் விடுப்பு கொடுங்கள். உங்கள் கையிலிருந்து செலவில்லாமல் ஒரு குடும்பத்துக்குப் பாதுகாப்பு கிடைக்கும்.

படி 2: அரசு நடத்தும் திட்டத்தைப் பாடமாகப் படியுங்கள்

ஆசிரியர்களையும் அரசு ஊழியர்களையும் சேர்த்து ஒரே குழுவாகக் காப்பீடு செய்யும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2008-லிருந்து நடத்துகிறது. பள்ளிக் கல்வித் துறை அதில் மிகப் பெரிய கூட்டம். இவ்வளவு பெரிய குழுவுக்கே விலை எப்படி ஏறியது என்பதைப் பார்த்துக்கொண்டால், சில நூறு பேர் கொண்ட உங்கள் குழுவுக்கு என்ன நடக்கும் என்று புரியும்.

2008-ல் ஊழியர் சம்பளத்தில் மாதம் 25 ரூபாய் பிடித்தார்கள். காப்பீடு 2 லட்சம். 2012 ஜூலை முதல் 75 ரூபாய், 4 லட்சம். 2016 ஜூலை முதல் 180 ரூபாய், குறிப்பிட்ட சில பெரிய நோய்களுக்கு 7.5 லட்சம் வரை. 2021 ஜூலை முதல் 300 ரூபாய், காப்பீடு 5 லட்சம், பெரிய நோய்களுக்கு 10 லட்சம் வரை. 13 ஆண்டுகளில் பிடித்தம் 12 மடங்கு ஆனது, அடிப்படைக் காப்பீடு இரண்டரை மடங்குதான் ஆனது.

இந்தத் திட்டத்தில் புதியவர்கள் கவனிக்கத் தவறும் ஒரு விஷயம் இருக்கிறது. 5 லட்சம் என்பது ஓராண்டுக்கு அல்ல, நான்காண்டுத் தொகுதி முழுவதற்கும் சேர்த்து. முதல் ஆண்டிலேயே இதய அறுவைச் சிகிச்சைக்கு முழுத் தொகையும் போய்விட்டால், மீதி மூன்றாண்டுக்கு அந்தக் குடும்பம் வெறுங்கையோடு நிற்கும். பிரீமியத்தைக் குறைவாக வைத்திருக்க இந்தத் தொகுதி முறை உதவுகிறது என்பது உண்மை. அதன் சுமை நோயாளிக் குடும்பத்தின் மேல் விழுகிறது என்பதும் உண்மை. நான் இந்த முறையை உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

பக்கத்து மாநிலமான கேரளம் 2022 ஜூலையில் தொடங்கிய மெடிசெப் திட்டத்தில் மாதம் 500 ரூபாய் பிடித்து, ஆண்டுக்கு 3 லட்சம் கொடுத்தது. ஊழியரும் ஓய்வூதியரும் ஒரே திட்டத்தில். தமிழ்நாடு ஓய்வூதியர்களைத் தனியாக வைத்திருக்கிறது. 2022 ஜூலையில் தொடங்கிய அவர்கள் திட்டத்தில் பிடித்தம் மாதம் 497 ரூபாய். வயது கூடினால் விலை எவ்வளவு கூடும் என்பதற்கு 300-க்கும் 497-க்கும் உள்ள இடைவெளியே சாட்சி. உங்கள் நிறுவனத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய ஆசிரியர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு இல்லாமல் எந்த நிறுவனத்தோடும் பேரம் பேச உட்காராதீர்கள்.

படி 3: பிரீமியம் எப்படிப் பிறக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

குழுக் காப்பீட்டில் விலை உங்கள் சொந்த கிளெய்மிலிருந்துதான், அதாவது உங்கள் ஊழியர்கள் காப்பீட்டில் கேட்டுப் பெறும் சிகிச்சைச் செலவிலிருந்துதான் வருகிறது. ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். உங்களிடம் 1,200 ஊழியர்கள். 450 பேர் இ.எஸ்.ஐ.யில். மீதி 750 குடும்பங்களுக்கு, குடும்பத்துக்கு 14,000 வீதம் பிரீமியம் 1 கோடியே 5 லட்சம். அந்த ஆண்டில் கிளெய்ம் 92 லட்சம். கிளெய்ம் விகிதம் ஏறக்குறைய 88 சதவீதம்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு அலுவலகச் செலவு இருக்கிறது, கிளெய்மைக் கையாளும் டி.பி.ஏ. நிறுவனத்துக்குக் கட்டணம் இருக்கிறது, முகவருக்குக் கமிஷன் இருக்கிறது. அதனால் 75 சதவீதத்துக்குள் கிளெய்ம் நிற்க வேண்டும் என்று அது கருதினால், 92 லட்சத்தை 0.75-ஆல் வகுத்து 1 கோடியே 22 லட்சத்துக்கு மேல் கேட்கும். அதன் மேல் மருத்துவ விலையேற்றம் என்று 10 சதவீதம் வைத்தால் 1 கோடியே 35 லட்சம். உங்கள் ஊழியர் யாரும் கூடுதலாக நோயுறாமலேயே பிரீமியம் 30 லட்சம் ஏறிவிட்டது.

இதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வணிக நிறுவனங்கள் அதில் சிலவற்றை உள்ளீட்டு வரவாகச் சரிக்கட்ட வழியுண்டு. பள்ளிக் கல்விச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பதால் பள்ளிக்கு அந்த வழியும் இல்லை, கட்டியது கட்டியதுதான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு இந்த வரி நீக்கப்பட்டது. குழுப் பாலிசிக்கு நீக்கப்படவில்லை. இந்த வித்தியாசம் அடுத்த படியில் பயன்படும்.

இப்போது செய்ய வேண்டியது, டி.பி.ஏ.விடம் மூன்றாண்டு கிளெய்ம் அறிக்கையை எழுத்துப்பூர்வமாகக் கேட்பது. பெயர் இல்லாமல் கேளுங்கள். எந்த ஆசிரியைக்கு என்ன நோய் என்று நிர்வாகத்துக்குத் தெரிய வேண்டியதில்லை, தெரியவும் கூடாது. தெரிந்துவிட்டால் அடுத்த முறை யாரும் உண்மையான நோயைச் சொல்லமாட்டார்கள். உங்களுக்கு வேண்டியது நோய் வகை, மருத்துவமனை, ஊர், வயதுப் பிரிவு, ஊழியரா பெற்றோரா என்ற விவரம், கேட்ட தொகை, கொடுத்த தொகை. கடைசி இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் உங்கள் ஊழியர் கைக்காசாகக் கட்டியது. இந்த எண்ணை எந்த முகவரும் தானாகக் காட்டமாட்டார். எனக்கு இந்தக் கோப்பில் ஒரே ஒரு எண்ணைப் பார்க்க அனுமதி கொடுத்தால் இதைத்தான் பார்ப்பேன்.

படி 4: பாலிசியை வெட்டாமல் வடிவமையுங்கள்

எல்லோருக்கும் பெரிய தொகை வாங்குவதற்குப் பதில், குடும்பத்துக்கு 3 லட்சம் என்று வைத்து, அதன் மேல் நிறுவனம் முழுவதற்கும் பொதுவாக ஒரு பஃபர் தொகை வாங்குங்கள். 25 லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான குடும்பங்களுக்கு 3 லட்சமே செலவாகாது. புற்றுநோயோ பெரிய விபத்தோ வந்த இரண்டு மூன்று குடும்பங்களுக்குப் பொதுத் தொகையிலிருந்து கொடுக்கலாம். எல்லோருக்கும் 5 லட்சம் வாங்குவதைவிட இது மலிவாக முடியும். ஆனால் யாருக்குக் கொடுப்பது என்பதைத் தாளாளர் தனியாக முடிவு செய்யக் கூடாது. எந்தெந்த நோய், எவ்வளவு உச்சவரம்பு என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

அறை வாடகை வரம்பில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். நாள் வாடகை 3,000 என்று பாலிசியில் இருந்து, நோயாளி 6,000 ரூபாய் அறையில் படுத்தால், வாடகை வித்தியாசம் மட்டும் போகும் என்று நினைப்போம். மருத்துவர் கட்டணம், அறுவை அரங்குக் கட்டணம் போன்றவற்றையும் அதே விகிதத்தில் பாதியாக்குவார்கள். மருந்து, உள்ளே பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றில் இப்படி வெட்டக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-ல் விதித்தது. பில்லைத் தீர்க்கும்போது இந்த விதியை நினைவூட்டினால் பணம் மிச்சமாகும். வரம்பை ரூபாயில் வைக்காமல், ‘ஒருவர் மட்டும் தங்கும் சாதாரண அறை’ என்று வகையாக எழுதி வாங்குவது இன்னும் நல்லது.

பெற்றோரைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டும். குழுப் பாலிசியில் அதிகம் செலவாவது அவர்களுக்குத்தான். அவர்களை நீக்குங்கள் என்று ஆலோசகர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அறுபத்தைந்து வயதில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள ஒருவருக்கு வெளியில் தனிப் பாலிசி எடுத்தால், ஜி.எஸ்.டி. இல்லைதான். ஆனால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்றாண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம். குழுப் பாலிசியில் முதல் நாளிலிருந்தே அந்த நோய்களையும் சேர்த்து வாங்க முடியும். ஆகவே பெற்றோரைத் தனிக் குழுவாகப் பிரித்து, பிரீமியத்தில் பாதியை நிர்வாகமும் பாதியை ஊழியரும் ஏற்று, பெற்றோர் பில்லுக்கு மட்டும் 10 சதவீதம் ஊழியர் பங்கு என்று வைப்பது நியாயமான நடுவழி. இன்னும் வயது குறைவாக, நோயில்லாமல் இருக்கும் பெற்றோருக்கு இப்போதே தனிப் பாலிசி தொடங்கச் சொல்லுங்கள்.

கண்புரை, மூட்டு மாற்று, கருப்பை அகற்றல் போன்ற திட்டமிட்டுச் செய்யும் சிகிச்சைகளுக்கு உச்சவரம்பு வைக்கலாம். அந்த வரம்புக்குள் செய்துகொடுக்கும் இரண்டு மருத்துவமனைகளையாவது நீங்கள் முதலில் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

படி 5: ஒகேனக்கல் சோதனை

இது என் பரிந்துரைகளில் முதன்மையானது. உங்கள் நிறுவனத்தின் பள்ளிகளில் மிகத் தொலைவில் உள்ளது எது? அந்தப் பள்ளியிலிருந்து தொடங்கிக் காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவமனைப் பட்டியலை வரைபடத்தில் குறியுங்கள். பட்டியலில் பத்தாயிரம் மருத்துவமனை இருக்கிறது என்று முகவர் சொல்வார். பென்னாகரத்தில் எது? தருமபுரியில் எது? மேச்சேரி, மேட்டூர் பக்கம் எது? பிரசவத்துக்கு எது, எலும்புக்கு எது, இதயத்துக்கு எது, இரவில் மருத்துவர் இருப்பது எங்கே? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாத நிறுவனத்தின் விலை குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள். சென்னையில் நூறு மருத்துவமனை இருப்பதால் பென்னாகரத்து ஆசிரியருக்கு ஒரு பயனும் இல்லை.

பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் அவசரமாகச் சேர்த்துவிட்டால் என்ன செய்வது? சிவகாந்த் ஜா வழக்கில் 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மருத்துவமனையின் பெயர் அரசுப் பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சிகிச்சைச் செலவை மறுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அது மத்திய அரசு ஊழியர் திட்டம் பற்றிய வழக்கு. தமிழ்நாட்டு அரசு ஆசிரியர்கள் இப்படிப்பட்ட செலவைத் திரும்பப் பெற, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் முறையிட வழி இருக்கிறது. தனியார் நிறுவனத்துக்கு அந்தக் குழு இல்லை. அதனால் அவசரச் சிகிச்சைக்குப் பட்டியல் தடையில்லை என்ற வரியைப் பாலிசியிலேயே எழுதி வாங்குங்கள்.

சில அவசரங்களுக்குக் காப்பீடே தேவையில்லை என்பதும் இங்கே தெரிந்திருக்க வேண்டும். மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்தால், 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், அதில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காட்டை ஒட்டிய பள்ளிகளில் பாம்புக்கடி பற்றி எப்போதும் ஒரு பயம் உண்டு. விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும்; 108-ஐ அழைத்து அங்கே போவதுதான் வேகமான வழி. தனியாரைத் தேடி அலையும் நேரத்தில் உயிரும் போகும், பணமும் போகும்.

படி 6: மருத்துவமனையோடு நேரடியாகப் பேசுங்கள்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் அரசு ஊழியர்களுக்கும் பள்ளி ஊழியர்களுக்கும் காப்பீடு நடத்தும் கால்பெர்ஸ் என்ற அமைப்பு, 2011-ல் ஒரு முடிவெடுத்தது. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றுக்கு மருத்துவமனைக்குக் கொடுக்கும் உச்சத் தொகை 30,000 டாலர். அந்த விலைக்குத் தரமாகச் செய்யும் மருத்துவமனைகளின் பட்டியலையும் சேர்த்தே கொடுத்தது. அதுவரை ஒரே அறுவைக்கு மருத்துவமனைக்கு மருத்துவமனை பல மடங்கு வித்தியாசமாக வசூலித்துக்கொண்டிருந்தார்கள். நோயாளிகள் வரம்புக்குள் உள்ள இடங்களுக்கு நகர்ந்ததும், விலை உயர்ந்த மருத்துவமனைகளே தங்கள் விலையைக் கணிசமாக இறக்கின.

நம்மிடம் கால்பெர்ஸின் பலம் கிடையாது. ஆனால் நாம் கணக்குக்கு எடுத்துக்கொண்ட 750 குடும்பங்கள் என்பது தருமபுரி போன்ற ஊரில் எந்தத் தனியார் மருத்துவமனைக்கும் சிறிய எண்ணிக்கை அல்ல. பிரசவம், குடல்வால், கண்புரை, பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல் என்று அடிக்கடி வரும் ஐந்தாறு சிகிச்சைகளுக்குத் தொகுப்பு விலை கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை வாரியாகத் தொகுப்பு விலை இருக்கிறது. பேச்சைத் தொடங்க அது நல்ல அளவுகோல். அந்த விலைக்கே தனியார் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். எவ்வளவு மேலே போகிறார்கள் என்பதாவது தெரியும். ‘அட்டை இருந்தால் ஒரு விலை, ரொக்கம் என்றால் ஒரு விலை’ என்ற வழக்கத்தை நிறுத்துவதும், அட்டைக்கு மேல் ரசீதில்லாமல் பணம் வாங்குவதில்லை என்று எழுதி வாங்குவதும் உங்கள் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

படி 7: மருத்துவமனைக்குப் போகும் முன்பே

தருமபுரி மாவட்டத்துக்குப் பெரிய தடுப்பு மருத்துவம் எது என்று கேட்டால், நான் எந்த மருத்துவமனையையும் சொல்லமாட்டேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைச் சொல்வேன். இந்த மாவட்டத்திலும் கிருஷ்ணகிரியிலும் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய ஊர்கள் பல. பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை, பெரியவர்களுக்கு மூட்டு இறுக்கம், வளைந்த எலும்பு. எலும்பில் ஏறிவிட்டால் எந்த அறுவைச் சிகிச்சையும் அதைத் திருப்பாது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு, 1,928 கோடி ரூபாய் மதிப்பில், 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்ட அந்தத் திட்டம் காவிரி நீரை மேலேற்றி இரண்டு மாவட்டங்களுக்கும் அனுப்புகிறது. எத்தனையோ மூட்டு வலி பில்கள் எழுதப்படாமலே போவதற்கு அந்தக் குழாய்தான் காரணம்.

உங்கள் பள்ளியில் இன்றைக்குக் குடிக்கும் நீர் எங்கிருந்து வருகிறது? காவிரி நீரா, போரா, இரண்டும் கலந்தா? விடுதிச் சமையலுக்கு எது? ஆண்டுக்கு ஒரு முறை குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பரிசோதிப்பதற்கு ஆகும் செலவு, ஓர் ஆசிரியரின் ஒரு நாள் மருத்துவமனை வாடகைக்கும் கீழே.

அடுத்து ஆசிரியர் தொழிலுக்கே உரிய நோய்கள். நாள் முழுக்க நிற்பதால் காலில் நரம்புச் சுருட்டல். நாற்பத்தைந்து பிள்ளைகள் கொண்ட வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டைக் கம்மல், குரல்வளையில் முடிச்சு. பெண் ஆசிரியர்களிடம் திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று. இதன் காரணத்தைக் கேட்டால் சொல்லத் தயங்குவார்கள். கழிப்பறையில் தண்ணீர் வராது, தாழ்ப்பாள் இருக்காது, அடுத்த வகுப்புக்கு இடைவெளி இருக்காது. அதனால் காலையிலிருந்து மாலை வரை தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். என்னை ஒரு நிர்வாகத்துக்கு ஒரே ஒரு செலவைப் பரிந்துரைக்கச் சொன்னால், ஒவ்வொரு தளத்திலும் பெண் ஆசிரியர்களுக்குச் சுத்தமான கழிப்பறை என்றுதான் சொல்வேன். கூடவே வகுப்பில் உட்கார ஒரு நாற்காலி, உட்கார்ந்து பாடம் நடத்த அனுமதி, பெரிய வகுப்புகளுக்குச் சிறிய ஒலிபெருக்கி. இவை சலுகைகள் அல்ல; கிளெய்ம் அறிக்கையில் நேரடியாகத் தெரியும் சேமிப்பு.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான் பின்னாளில் மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு என்று லட்சங்களாக வந்து நிற்பவை. 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் பக்கத்து மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வீட்டுக்கே வந்து பரிசோதித்து மருந்தும் கொடுக்கிறது. ஆனால் பகலில் ஆசிரியர் வீட்டில் இருப்பதில்லை. வட்டார மருத்துவ அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதி, பள்ளிக்கே அந்தக் குழுவை வரவழையுங்கள். முப்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை. முடிவு அவரவர் கையில் மட்டும். தொடர் மருந்துக்கு மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் எங்கே இருக்கிறது என்பதையும் அந்த ஆசிரியர் அறைத் தாளில் சேர்த்துவிடுங்கள். மாத்திரையை இடையில் நிறுத்தாமல் இருப்பவர்தான் உங்கள் திட்டத்துக்கு மிகக் குறைந்த செலவு வைப்பவர்.

படி 8: ஊழியருக்கு ஒரு பக்கத்தில் சொல்லுங்கள்

நாற்பது பக்கப் பாலிசியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் யாரும் படிக்கமாட்டார்கள். ஒரு பக்கம், தமிழில். திட்டமிட்ட சிகிச்சையானால் இரண்டு நாள் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் சொல்ல வேண்டும். அவசரமானால் சேர்த்த 24 மணி நேரத்துக்குள் டி.பி.ஏ.வுக்குத் தகவல். கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் கேஷ்லெஸ் அனுமதிக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் காப்பீட்டு நிறுவனம் பதில் சொல்ல வேண்டும் என்பது ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் போட்ட விதி. மாலை வரை உட்கார வைத்தால் இந்த விதியைச் சொல்லிக் கேட்கலாம் என்பதையும் அந்தப் பக்கத்தில் எழுதுங்கள்.

நிர்வாகத்தில் ஒருவர் இதற்கென்று இருக்க வேண்டும். இரவிலும் எடுக்கும் ஒரு தொலைபேசி எண் வேண்டும். கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். 50 லட்சம் வரை இழப்பீடு வழங்க அவருக்கு அதிகாரம் உண்டு. ஊழியர் சார்பாக அந்தக் கடிதத்தை நிர்வாகமே தயாரித்துக் கொடுக்கட்டும்.

படி 9: ஆண்டுச் சுற்று

பாலிசி ஜூலையில் புதுப்பிக்கப்படும் என்று வைத்துக்கொண்டால், பிப்ரவரியில் கிளெய்ம் அறிக்கை கேளுங்கள். மார்ச்சில் தேர்வு வேலை. யாரும் கூட்டத்துக்கு வரமாட்டார்கள், விட்டுவிடுங்கள். ஏப்ரல் மூன்றாம் வாரம் ஆசிரியர், அலுவலகப் பணியாளர், ஓட்டுநர், ஆயா என்று ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒருவரை உட்கார வைத்து, அறிக்கையை அவர்களிடம் காட்டுங்கள். எது கிடைத்தது, எங்கே கைக்காசு போனது என்று அவர்கள் சொல்வது எந்த ஆலோசகரின் அறிக்கையிலும் இருக்காது. மே முதல் வாரம் குறைந்தது மூன்று நிறுவனங்களிடம் ஒரே நிபந்தனைப் பட்டியலுக்கு விலை கேளுங்கள். ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு நிபந்தனை சொன்னால் ஒப்பிட முடியாது. ஜூன் பள்ளி திறக்கும் வாரத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களின் பெயரையும், கோடையில் பிறந்த குழந்தைகள், திருமணமானவர்களின் துணையையும் சேர்த்து, விலகியவர்களின் பெயரை நீக்கிப் பட்டியலை அனுப்புங்கள். விலகியவருக்கான மீதி பிரீமியம் திரும்ப வரும். அதைக் கேட்டு வாங்கும் நிர்வாகங்கள் குறைவு.

புதிய அட்டைகள் வந்ததும் முதல் கட்டை மிகத் தொலைவில் உள்ள பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள். தலைமை அலுவலகத்தில் இருப்பவர்கள் இரண்டு நாள் காத்திருக்கலாம்.